தெரியாதவங்க கை தூக்குங்க

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். வருகைப் பதிவேட்டில் குனிந்திருந்தேன். பள்ளிக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருப்பவர் ஜன்னலருகே வந்து நின்று, "டீச்சர், உங்களுக்கு போன். ஆவடியிலேருந்து" என்றார். எங்கள் பள்ளியில் தொலைபேசி கிடையாது. அவசரம் என்றால் அந்த பூத்துக்குத்தான் வரும். அவசரமே இல்லாமல் அங்கே என்னை அழைக்கிற ஒரே ஆள் என் தோழி பிலோமினா. அதனால், "பாட நேரத்துலயா போன் பண்ணுவா, அறிவு கெட்டவ" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் சாலையைக் கடந்தேன்.

பேசியது அவருடைய தம்பி சேவியர். "வனஜாக்கா, அக்கா பூடுச்சுக்கா. காலைல ஆறு மணிக்கு. ஆஸ்பத்திரிலயே" என்றான்.

எனக்கு முதலில் வந்தது கோபம். அழுகையெல்லாம் அப்புறம்தான். மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேக்காட்டில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். "ஏட்டி, இது காமாலை. மருத்துவ விடுப்பு எழுதிக் கொடு, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்" என்று பேனாவையும் எடுத்து நீட்டினேன். "அரையாண்டுப் பரீட்சை முடியட்டும் வனஜா. ரெண்டாங்கிளாஸ்ல நாலு கொயந்தைங்க இன்னும் எழுத்துக் கூட்டிக்கினு கீதுங்க. நான் படுத்துக்கினா அதுங்க கதி இன்னா?" என்றார். படுக்கவில்லை. மேலும் பதினைந்து நாள் அந்தக் கண்களோடு பள்ளிக்குப் போய் வந்தார். பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார். முப்பத்தோரு வயது. இப்படிச் செய்கிறவரை என்ன சொல்வது?

எங்களோடு ஆசிரியர் பயிற்சி முடித்த தோழிகள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். அவரை அறியாதவர்களும் படிப்பார்கள், மரியாதையாக எழுது என்று சொல்லியிருக்கிறார்கள். நேரில் எங்களுக்குள் வாடி, போடிதான். 'அவர்' என்று நான் எழுதுவதைப் பார்த்தால் பிலோமினா விழுந்து விழுந்து சிரித்திருப்பார். சிரிக்கட்டும். பதிமூன்று வருடம் என் உயிரை வாங்கியவருக்கு இந்த ஒரு கட்டுரையிலாவது மரியாதை கொடுத்துவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், பிளஸ் டூ முடித்த கையோடு அம்பத்தூர் பக்கம் இருந்த ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இருவரும் சேர்ந்தோம். எங்கள் அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர். திருநெல்வேலியிலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். பிலோமினாவின் அப்பா தச்சு வேலை செய்தவர். இரண்டு வருடம் படித்து, எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேறினால் சான்றிதழ். அந்தச் சான்றிதழை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிந்த வரிசைப்படி அரசு வேலை வரும். ஒரு வருடம் பிந்திப் பதிந்தால் வரிசையில் எத்தனை ஆயிரம் பேருக்குப் பின்னால் போய் நிற்போம் என்பது அந்தக் காலத்தில் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். பிலோமினாவுக்கு மட்டும் அது கடைசிவரை உறைக்கவே இல்லை.

முதல் நாளே ஆரம்பித்துவிட்டார். ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்டார் பயிற்றுநர். தொண்டு, சேவை, நாளைய தலைமுறை என்று நாங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்துவைத்ததைச் சொன்னோம். பிலோமினா எழுந்தார். "எங்கம்மா சேத்து உட்டாங்க சார். எனக்கு சின்னக் கொயந்தைங்கன்னா பயம்."

"பயமா? எதுக்கு?"

"அதுங்க இன்னா வேணா கேக்கும் சார். எனக்குப் பதில் தெரியலன்னா இன்னா பண்றது?"

வகுப்பே சிரித்தது. பயிற்றுநர், "முதல்ல உங்க தமிழைச் சரி பண்ணுங்க" என்று உட்கார வைத்தார். என் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்தார். அன்று பிடித்தது எனக்குச் சனி.

ஆசிரியர் பயிற்சி என்றால் வெளியில் இருப்பவர்கள் பாடம் நடத்தப் பழகுவது என்று நினைக்கிறார்கள். எழுதுவதுதான் அதில் பெரும்பாடு. பத்து நிமிடப் பாடத்துக்குப் பத்துப் பக்கம் பாடக் குறிப்பு எழுத வேண்டும். ஆயத்தம், படிப்படியான வளர்ச்சி, தொகுத்தல், மதிப்பீடு, தொடர்பணி என்று ஒவ்வொன்றுக்கும் தலைப்புப் போட்டு, அடிக்கோடிட்டு, ஆசிரியர் என்ன கேட்பார், மாணவர் என்ன பதில் சொல்வார் என்று முன்கூட்டியே எழுத வேண்டும். பிலோமினா அந்த இடத்தில் வந்ததும் பேனாவை வைத்துவிடுவார். "மாணவர் பதில்னு போட்டுகீது. அது இன்னா சொல்லும்னு எனக்கு எப்டித் தெரியும்? இன்னும் கேக்கவே இல்லியே" என்பார். "எழுதித் தொலையேன்டி, எல்லாரும் எழுதறாங்கல்லா" என்று நான் கத்துவேன். கடைசியில் நான்தான் எழுதுவேன். அவருடைய பாடக் குறிப்பேட்டில் பாதிக்கு மேல் என் கையெழுத்து. சார்ட்டுகளுக்கு வண்ணம் தீட்டியதும் நானே. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியது மட்டும் அவர்.

இனி அந்தச் செய்முறைத் தேர்வுக்கு வருகிறேன். இதை இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

பயிற்சிப் பள்ளியை ஒட்டியிருந்த தொடக்கப் பள்ளியில்தான் தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளர்கள் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்து, இருபது நிமிடம் நாங்கள் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அதற்கு எங்களுக்கு மூத்த செட்டுக்காரர்கள் ஒரு வழி சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு அவர்களுடைய மூத்தவர்கள் சொன்னது. கேள்வி கேட்டதும் வகுப்பில் எல்லாக் குழந்தைகளும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. தேர்வாளருக்கு முழு வகுப்பும் பதில் சொல்லத் துடிப்பதாகத் தோன்றும். ஆசிரியர் வலது கையாகப் பார்த்துக் கூப்பிட வேண்டியதுதான். நான் இதில் ஒரு தப்பும் பார்க்கவில்லை. என் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளை மூன்று நாள் பழக்கினேன்.

பிலோமினாவுக்கு இரண்டாம் வகுப்பு, கணக்குப் பாடம். ஒன்றுகள், பத்துகள். "உன் பிள்ளைங்களுக்கும் சொல்லிக் கொடுத்துட்டியா?" என்று கேட்டேன். "எனக்கு வாய் வரல வனஜா" என்றார். சரி, இவளை நம்பினால் ஆகாது என்று அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நானே அந்த வகுப்புக்குப் போய், இரண்டு மதியம் நின்று பழக்கினேன். திரும்பி வந்ததும் சொன்னேன்.

தேர்வன்று என் பாடம் முதலில். முப்பது கைகள் சேர்ந்தாற்போல உயர்ந்தன. தேர்வாளர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. முடித்துவிட்டு, பிலோமினாவின் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

நன்றாகத்தான் தொடங்கினார். ஈர்க்குச்சிக் கட்டுகளைக் காட்டினார். கரும்பலகையில் 40 என்று எழுதி, "இதுல எத்தனை பத்து? எத்தனை ஒண்ணு?" என்று கேட்டார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. முன் பெஞ்சிலேயே ஏழெட்டு வலது கைகள். யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். பிலோமினா மூன்றாவது பெஞ்சில் இடது கையை உயர்த்தியிருந்த ஒரு சிறுமியைப் பார்த்து, "நீ சொல்லு கண்ணு" என்றார்.

அந்தப் பெண் எழுந்தாள். ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்தாள். பிறகு சத்தமாகச் சொன்னாள்: "எனக்குத் தெரியாது டீச்சர். நான் இந்தக் கையைத்தான் தூக்கினேன்."

அவளுக்குச் சிக்கல் வந்துவிடக்கூடாதே என்று முன்பெஞ்சுக் குழந்தைகளும் உதவிக்கு வந்தார்கள். "ஆமா டீச்சர், அது தெரியாத கை!"

பின்னால் தேர்வாளர் எழுதுவதை நிறுத்தித் தலையைத் தூக்கினார். பிலோமினாவோ தேர்வாளர்கள் இருப்பதையே மறந்துவிட்டார். அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டார். "தெரியலன்னு கை தூக்கினியா? ரொம்ப நல்லதாப் போச்சு. இன்னா தெரியல, சொல்லு."

"சைபர்னா ஒண்ணுமில்லதானே டீச்சர்?"

"ஆமா."

"ஒண்ணுமில்லாததை எதுக்கு எழுதணும்?"

நான் அழகாகத் தீட்டிக் கொடுத்த சார்ட் பக்கம் பிலோமினா திரும்பக்கூட இல்லை. எழுந்து, கரும்பலகைக்கு முன் இரண்டு பெஞ்சுகளை இழுத்துப் போட்டார். ஒன்று பத்துகளின் பெஞ்சு, இன்னொன்று ஒன்றுகளின் பெஞ்சு. நான்கு குழந்தைகளிடம் ஆளுக்கொரு கட்டு கொடுத்துப் பத்துகளின் பெஞ்சில் உட்கார வைத்தார். "இந்தப் பெஞ்சுல யாருமே இல்ல. அதுக்காகப் பெஞ்சைத் தூக்கி வெளில போட்டுடலாமா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். அவள் யோசித்தாள். "வேணாம் டீச்சர். நாளைக்கு யாராச்சும் வந்தா?" என்றாள். "அதான்! வந்தா எங்க குந்துவாங்க? இடத்தைக் காட்டத்தான் சைபர்." அப்புறம் ஒவ்வொரு குழந்தையும் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றது. எல்லோரையும் உட்கார வைத்தார். மணி அடித்துவிட்டது. தொகுத்தல் இல்லை, மதிப்பீடு இல்லை, தொடர்பணி இல்லை. பத்துப் பக்கக் குறிப்பில் மூன்றாம் பக்கத்தில் பாடம் நின்றிருந்தது.

தேர்வாளர் கேட்டார்: "ஏம்மா, இந்தப் பெஞ்சு விஷயம் பாடக் குறிப்புல எங்க இருக்கு?"

"குறிப்புல இல்ல சார். அந்தப் பொண்ணுகிட்ட கீது."

"சரி. இந்தக் கை வித்தையை யார் பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?"

நான் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். மூன்றடி தூரம். பிலோமினா என் பக்கம் திரும்பவே இல்லை. "என் கிளாஸ் சார். என் கிளாஸ்ல நடந்தா நான்தானே சார் பொறுப்பு" என்றார்.

எனக்கு மிக நல்ல மதிப்பெண். பிலோமினா செய்முறைத் தேர்வில் தேறவில்லை.

முடிவு வந்த அன்று அண்ணனூர் ஸ்டேஷனில் வைத்து அவரைத் திட்டித் தீர்த்தேன். இரண்டு ரயில் போய்விட்டது. "வலது கை எத்தனை இருந்துச்சு! உனக்குக் கண்ணா தெரியலை? ஒரு வருஷம் போச்சேடி! பதிவு பிந்திரும், வேலை பிந்திரும், உனக்குக் கிறுக்கா?"

"நீ சொல்றது கரெக்டுதான்" என்றார் பிலோமினா. "ஆனா அது கை தூக்கிச்சே வனஜா. நான் இன்னா பண்ணட்டும்?"

"அது இடது கைடி!"

"கைதானே" என்றார்.

அவ்வளவு கத்தினேனே, நான் ஏன் அந்த ஜன்னலில் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இத்தனை வருடம் அவர் மேல் இவ்வளவு எரிச்சல் எனக்கு இருந்திருக்காது.

அடுத்த வருடம் மறுபடி தேர்வு. "தயவுசெய்து ஒழுங்காப் பண்ணு. கையெல்லாம் தூக்க வைக்க வேண்டாம், குறிப்புல உள்ளதை மட்டும் நடத்து" என்று கெஞ்சினேன். "இந்த தபா நான் நல்லாப் பழக்கிட்டேன், பேஜார் பண்ணாத" என்றார். துணைக்குப் போய்ப் பழைய ஜன்னலிலேயே நின்றேன்.

பாடம் நடந்தது. கேள்வி கேட்டார். ஒரு கை, இரண்டு கை. அவ்வளவுதான். புதிதாக வந்திருந்த தேர்வாளர் அம்மையார், "என்ன இது, ரெண்டே பேருக்குத்தான் பதில் தெரியுமா?" என்றார்.

"எல்லாருக்கும் தெரியும் மேடம். அந்த ரெண்டு பேருக்குத்தான் தெரியல. தெரியாதவங்க மட்டும்தான் கை தூக்கணும்னு சொல்லிகீறேன். நான் போய் இன்னான்னு கேக்கறவரைக்கும் இறக்கக் கூடாது."

"தெரிஞ்சவங்கதானேம்மா கை தூக்கணும்?"

"தெரிஞ்சவங்களுக்கு டீச்சர் எதுக்கு மேடம்?"

நான் ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டேன். அந்த அம்மையார் மட்டும் கொஞ்சம் கண்டிப்பானவராக இருந்திருந்தால் பிலோமினாவுக்கு இன்னொரு வருடமும் போயிருக்கும். அம்மையார் எழுந்து போய், கை தூக்கியிருந்த குழந்தைகளிடம் ஏதோ கேட்டார். கை தூக்காதவர்களில் நாலைந்து பேரிடமும் கேட்டார். தேர்ச்சிக்கு என்ன வேண்டுமோ, அதை மட்டும் போட்டுவிட்டுப் போனார். பிலோமினா ஆசிரியரானார்.

நான் பயந்தது போலவே ஆயிற்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு வேலை உத்தரவு வந்தது. அந்த ஒரு வருடப் பின்னடைவால் அவருக்கு வர இன்னும் நான்கு வருடம் பிடித்தது. அதுவரை சேக்காட்டில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்தார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், தவறினால் உள்ள வரிசையும் போய்விடும். அதையும் மறப்பார். நான் எல்லா வேலையையும் போட்டுவிட்டுப் போய் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். வரிசையில் நிற்கும்போது, "எனக்கோசரம் ஏன்டி இவ்ளோ அலையறே?" என்று கேட்பார். "தலையெழுத்து" என்பேன். உண்மையான பதில் எனக்குத் தெரியும். சொல்லத்தான் வரவில்லை.

கோவில்பதாகைப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் அவருக்கு வேலை கிடைத்தது. இரண்டே வருடம்தான் அரசு ஆசிரியராக இருந்தார். ஒருநாள் போய்ப் பார்த்தேன். அதே விதி. தெரியாதவங்க கை தூக்குங்க, நான் வரவரைக்கும் இறக்காதீங்க. பத்துக் கைகள் நின்றால் பத்துப் பேரிடமும் போய்க் குந்துவார். பாடம் நகரவே நகராது. "இப்படிப் போனா எப்போ பாடத்தை முடிப்பே?" என்றேன். "முடிக்கலன்னா இன்னாடி, நான் எங்க போகப் போறேன்?" என்றார்.

போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு வந்த மூன்றாம் நாள், அரையாண்டுத் தேர்வு முடியும்வரை அவருடைய வகுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி எனக்கே மாற்றுப்பணி உத்தரவு வந்தது. பாடக் குறிப்பு எழுதியதோடு விட்டதா? வகுப்பையும் என் தலையில் கட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

நேற்றுக் காலை அங்கே போனேன். அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் போன வாரம்தான் மாறுதலில் வந்தவர். நல்ல மனிதர். என்னை இரண்டாம் வகுப்புக்குக் கூட்டிப்போய்க் குழந்தைகளுக்கு முன் நிறுத்தினார். எப்படிச் சொல்வது என்று கொஞ்சம் தடுமாறினார். "பசங்களா, உங்க பிலோமினா டீச்சர் சாமிகிட்ட போயிட்டாங்க. இனிமே வர மாட்டாங்க. இந்த டீச்சர்தான் உங்களுக்குப் பாடம் எடுப்பாங்க. எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

முதல் பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. அடுத்து அதற்குப் பின்னால் இரண்டு. பிறகு ஒவ்வொன்றாக, வகுப்பு முழுவதும்.

"நல்ல பசங்க. உடனே புரிஞ்சுக்கிட்டாங்க. சரி, கையை இறக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் பக்கத்து வகுப்புக்குப் போனார்.

ஒரு கையும் இறங்கவில்லை. நான் போய் என்னவென்று கேட்கும்வரை இறங்காது என்று எனக்குத் தெரியும். கேட்டால் சொல்வதற்குப் பதில் என்னிடம் இல்லை. முதல் நாளன்று நீ சொன்ன பயம் இதுதான் என்று இப்போது தெரிகிறது பிலோமினா. அன்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

போய்விட்டு வா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஜன்னலுக்கு வெளியே மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு நான் தூக்காமல் விட்ட கையை நேற்று உன் வகுப்பில், உன் குழந்தைகளோடு சேர்ந்து தூக்கினேன். நீ வந்து கேட்கும்வரை இறக்கக் கூடாது என்பதுதானே உன் விதி.